வெட்டவெளியில் வான்கோழி வேட்டை: மறைவுக் கூடாரம், மூன்று சீசனுக்குப் பிறகு

வசந்தகால வான்கோழி வேட்டைக்குத் தயாராகிறவர்கள் பெரும்பாலும் எந்தத் துப்பாக்கி, எந்தத் தோட்டா என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அமெரிக்காவின் புல்வெளிச் சமவெளிக்குப் போகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது வேறு: எதற்குப் பின்னால் உட்காரப் போகிறீர்கள்? கிழக்கே காட்டுப்பகுதியில் ஒரு பெரிய ஓக் மரத்தில் முதுகைச் சாய்த்தால் போதும். நெப்ராஸ்கா மாநிலத்தில் நயோப்ராரா ஆற்றுப் பள்ளத்தை விட்டு மேலே ஏறினால் சாய மரமே கிடையாது, கண்ணுக்கு எட்டியவரை புல்தான்.

அதனால் மூன்று வருடங்களுக்கு முன் சுமார் 200 டாலர் கொடுத்து, நான்கு சுவரிலும் கூரையிலும் உள்ள முனைகளைப் பிடித்து இழுத்தால் டக்கென்று விரிந்து நிற்கிற வகை மறைவுக் கூடாரம் ஒன்று வாங்கினேன். உள்ளிருந்து பார்த்தால் வெளியே தெரியும், வெளியிலிருந்து உள்ளே தெரியாது என்கிற வலைத்துணிச் சுவர். எடை 20 பவுண்டு பக்கம். மூன்று சீசன் முழுக்க இதற்குள் உட்கார்ந்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். வான்கோழிக்கு மோப்பம் மோசம், ஆனால் கண் அபாரம். கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் கொஞ்சம் கழுத்தைத் திருப்பினாலே சுற்றிலும் பார்த்துவிடும், நிறமும் நன்றாகத் தெரியும். நீங்கள் மூக்கைச் சொறிந்தால் போதும், 100 யார்டுக்கு அப்பாலிருந்தே ஓடிவிடும். ஆனால் வெறும் புல்லின் நடுவே திடீரென்று முளைத்த கூடாரத்தை மட்டும் அது கண்டுகொள்வதே இல்லை. மான் என்றால் புதிதாக எதையாவது பார்த்தால் சில நாட்களுக்கு அந்தப் பக்கம் வரத் தயங்கும். வான்கோழிச் சேவலோ கூடாரத்துக்குப் பத்தடி தள்ளித் தோகையை விரித்துக்கொண்டு நடந்து போனது, அந்த அடித்தொண்டை உறுமல் நெஞ்சில் அதிர்கிற தூரம். இதை முதல் தடவை கேட்டபோது எனக்குக் கை நடுங்கியது.

இப்போது காற்று. அந்த ஊர் ஏப்ரல் காற்றைத் தாங்காத கூடாரம் எத்தனை அழகாக இருந்தாலும் வீண், நான் இதற்கு மதிப்பெண் போடுவதே அதை வைத்துத்தான். இந்தக் கூடாரத்தோடு வந்த, தரையில் அடிக்கிற முளைகள் பென்சில் கனம்கூட இல்லை. முதல் வருடம், இரண்டு சேவல்கள் 70 யார்டில் வந்துகொண்டிருக்கும்போது ஒரே வீச்சில் மேற்குச் சுவர் படாரென்று உள்ளே மடிந்தது, மணல் மண்ணிலிருந்து முளைகள் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டன, அன்றைய வேட்டை அதோடு முடிந்தது. அப்புறம் நாயைக் கட்டிவைக்க விற்கிறார்களே, திருகிய கம்பி முளை, அதில் நான்கு வாங்கினேன். நான்கு சுவரின் நடு முனையிலிருந்தும் கயிறு இழுத்து அவற்றில் கட்டி, உள்பக்கம் தரையில் கிடக்கும் துணி ஓரத்தின் மேல் மணல் மூட்டை வைத்தேன். அதற்குப் பிறகு ஒருமுறைகூடச் சாயவில்லை. நிற்கிற கூடாரத்தைப் பறவை மன்னிக்கும், படபடவென்று அடிக்கிற துணியை மன்னிக்காது. ஆகவே தொங்குகிற வார், பட்டை எல்லாவற்றையும் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள்.

கதவு ஜிப் இன்னொரு குறை. அதிகாலை அமைதியில் அதன் சத்தம் ஆற்றங்கரை காட்டன்வுட் மரங்கள் வரை கேட்கும், பறவைகள் இரவு தங்குவதும் அந்த மரங்களில்தான். மெழுகு தேய்த்தேன், ஓரளவு பரவாயில்லை. ஜன்னல்கள் ஜிப் இல்லாமல் கொக்கியில் சத்தமின்றி இறங்குகின்றன, அது அருமையான வேலை. சுடும்போது வலையை இறக்கிவிட்டுக் குழல் முனை வெளியே இருக்கும்படி வைத்துத்தான் சுட வேண்டும்.

உள்ளே கறுப்புச் சட்டை, கறுப்புக் கையுறை, முகமூடி. வெளியே போடுகிற புல்நிற உடையோடு உள்ளே உட்கார்ந்தால் வலை வழியே நிழலாட்டம் தெரிகிறது, நண்பரை உட்காரவைத்து வெளியே நின்று நானே பார்த்தேன். எதிரெதிர் ஜன்னல்களை ஒரே நேரத்தில் திறக்கவே கூடாது.

சூரியன் உதிப்பதற்கு அரைமணி முன்பிருந்து சுடலாம் என்பது சட்டம், ஆனால் அந்த நேரத்தில் கூடாரம் அடிக்கத் தொடங்கினால் மரத்திலிருக்கும் பறவை எல்லாவற்றையும் பார்த்துவிடும். முதல் நாள் நண்பகலில், அவை மேயப் போன நேரத்தில், நிலத்துக்காரரிடம் கேட்டு அடித்துவைப்பதே சரி. பொதுநிலத்தில் இரவு விட்டுவைக்க அனுமதி இருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

தூரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒப்பிட ஒரு மரமோ வேலியோ இல்லாத இடத்தில் 60 யார்டு 35 போலத் தெரியும். ரேஞ்ச்ஃபைண்டர் என்கிற தூரம் அளக்கும் கருவியால் நான்கு பக்கமும் அளந்து, 40 யார்டில் ஒரு குச்சி நட்டுவிடுவேன், சேவல் அதைத் தாண்டி உள்ளே வராமல் சுடுவதில்லை. டங்ஸ்டன் குண்டு ஈயத்தைவிட வெகு அடர்த்தி (கன சென்டிமீட்டருக்கு 18 கிராம், ஈயம் 11 தான்), கூடுதல் தூரம் போகும் என்பது உண்மைதான். ஆனாலும் உங்கள் துப்பாக்கி குண்டுகளை எப்படிப் பரப்புகிறது என்று காகிதத்தில் சுட்டுப் பார்க்காமல் அதை நம்பி நீண்ட தூரம் சுட்டுப் பறவையைக் காயத்தோடு விடுவது பெரிய பாவம்.

பொதுநிலத்தில் மற்ற வேட்டைக்காரர்களுக்குத் தெரியும்படி கூடாரத்தின் மேல் ஆரஞ்சுத் துணி கட்டுங்கள். சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றும் சேவலின் தலை நிறம், பறவை என்று நினைத்து யாராவது உங்களைச் சுட்டுவிடலாம், அவை உடையில் எங்கேயும் வெளியே தெரியக்கூடாது. இதில் சமரசமே வேண்டாம்.

யாருக்கு வேண்டாம்? கூவல் கேட்ட திசைக்கெல்லாம் நடந்து போய் வேட்டையாடுகிறவருக்கு இந்த 20 பவுண்டு வெறும் சுமை. பிள்ளைகளோடு போகிறவருக்கு வேறு யோசனையே தேவையில்லை. போன ஏப்ரலில் சுட அல்ல, வேடிக்கை பார்க்க மட்டும் மகளைக் கூட்டிப்போனேன். அவள் உள்ளே அசைந்தாள், தின்றாள், கேள்வி கேட்டாள், வெளியே கூர்வால் கிரவுஸ் பறவைகள் இறக்கையை விரித்துக் காலைத் தட்டி ஆடுவதை அரைமணி நேரம் பார்த்தாள், ஒன்றும் கலையவில்லை. அன்று வான்கோழி வரவில்லை, அவள் மறுநாளும் வருகிறேன் என்றாள்.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன், ஒன்று அந்த முளைகளுக்காகக் குறைத்தது. நனைந்தால் வீட்டுக்கு வந்து விரித்துக் காயவைத்த பிறகே மடியுங்கள், ஈரத்தோடு மடித்த ஒரு வாரத்திலேயே என்னுடையதில் பூஞ்சை பிடித்தது.