கறுத்த கல், ஈரத் தெரு: கால்டர் பள்ளத்தாக்கில் ரிக்கோ ஜிஆர் 3

மேற்கு யார்க்‌ஷரின் கால்டர் பள்ளத்தாக்குக்குக் கேமராவோடு வருபவர்கள் ஸ்டூட்லி பைக் கோபுரத்தையும் ஹாலிஃபாக்ஸ் பீஸ் ஹாலையும் எடுத்துவிட்டுப் போகிறார்கள். அவற்றுக்குப் படம் ஏராளம் உண்டு. ஹெப்டன் பிரிட்ஜின் பின்சந்து, ராச்டேல் கால்வாயின் மதகு, மூலைக்கடை, பேருந்து நிழற்குடை ஆகியவற்றுக்குத்தான் பஞ்சம். சத்தமில்லாமல் மாறிப்போவதும் இவைதான். இவற்றைப் படமெடுத்து வைக்கும் வேலைக்கு ரிக்கோவின் சிறிய கேமராவான ஜிஆர் 3 நன்றாகவே ஒத்துவருகிறது, சில முன்னேற்பாடுகளோடு.

பேட்டரி, கார்டு எல்லாம் சேர்த்து எடை 257 கிராம். 28 மிமீ லென்ஸுக்குச் சமமான அகன்ற பார்வைக்கோணம், ஜூம் கிடையாது. இங்கே ‘கின்னல்’ என்று சொல்லும் ஒடுங்கிய சந்துகளுக்கு இதைவிடக் குறுகிய பார்வை போதாது.

சிக்கல் ஹெப்டன் பிரிட்ஜின் அடுக்கு வீடுகளில் வருகிறது. சரிவில் இடமில்லாததால் ஒரு வீட்டின் தலைமேல் இன்னொரு வீடு கட்டினார்கள். கீழ்வீட்டுக்குப் பள்ளத்துத் தெருவில் வாசல், மேல்வீட்டுக்குப் பின்பக்க மேட்டுத் தெருவில் வாசல். கீழிருந்து கேமராவை அண்ணாந்து பிடித்தால் நான்கு மாடிச் சுவரும் பின்னால் சாய்ந்துவிடும். கேமராவைச் செங்குத்தாகத் திருப்பி, மட்டம் பிசகாமல் பிடியுங்கள். 12 மீட்டர் உயரச் சுவர் முழுசாக விழ ஏறக்குறைய 16 மீட்டர் தள்ளி நிற்கவேண்டும். கீழே வீணாக விழும் தெருவைச் சட்டகத்தில் மூன்றிலொரு பங்கு வெட்டினாலும் 24 மெகாபிக்சலில் 16 மிஞ்சும். அவ்வளவு அகலம் தெருவில் இல்லையென்றால் எதிர்ச்சரிவுக்கு ஏறிவிடுவதே மேல்.

ஆலைப்புகையில் கறுத்த மணற்கல் கேமராவின் ஒளிமானியை ஏமாற்றும். சட்டகம் முழுக்கக் கறுப்புச் சுவர் என்றால் கேமரா அதைச் சாம்பலாக்கப் பார்க்கும். கல்லின் கறுப்பு போய்விடும், மேலே துண்டு வானம் வெளுத்துவிடும். எக்ஸ்போஷர் (ஒளியளவு) திருத்தத்தை -0.7 என வைத்து, கேமரா மெருகூட்டாத மூலத் தரவான ரா கோப்பாக எடுத்தால் இரண்டும் தப்பும். வானம் பாதிக்குமேல் இருந்தால் இந்தக் கணக்கு தலைகீழ்.

இருண்ட சந்தில் ஆட்டோஃபோகஸ் தடுமாறும். ஃபோகஸ் தூரத்தை முன்கூட்டியே நிலைநிறுத்தும் ஸ்னாப் ஃபோகஸை 2.5 மீட்டரில் வைத்து, லென்ஸ் துளையைச் சுருக்கி எஃப் 8 கொடுத்தால் சுமார் 1.2 மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம்வரை தெளிவு. ஷட்டர் 1/125 நொடி, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) உச்சவரம்பு 3200 போதும்.

டிசம்பர் நண்பகலிலேயே சூரியன் 13 பாகைதான் ஏறும். நாலு மணிக்கு முன்பே அஸ்தமனம். வெயில் நாளில் பள்ளத்துத் தெருவின் ஒரு பக்கம் கண்ணைக் கூசும், மறுபக்கம் கும்மிருட்டு. மூட்டமான நாளைத்தான் நம்பலாம். மழை விட்ட அரைமணி நேரம் இன்னும் நல்லது: கல் பாவிய தெரு வானத்தை வாங்கி, சுவரின் அடிப்பகுதிக்கு வெளிச்சம் தரும்.

மழையிலேயே எடுக்க முடியாது. இந்தக் கேமராவுக்கு ஈரக்காப்பு இல்லை. குளிரிலிருந்து தேநீர்க்கடைக்குள் நுழையுமுன் ஜிப் பையில் போட்டு மூடி, 20 நிமிடம் திறக்காதீர்கள், இல்லாவிட்டால் லென்ஸில் நீர் பூத்துவிடும். உள்ளிழுக்கும் லென்ஸ் உள்ள எந்தக் கேமராவும் தூசியையும் சேர்த்து இழுக்கும், ஆகவே பஞ்சு உதிரும் கோட்டுப் பை வேண்டாம். ஒரு சார்ஜுக்குச் சுமார் 200 படம் என்பது கணக்கு. குளிரில் அதுவும் குறையும். உபரி பேட்டரி இரண்டு இருக்கட்டும்.

கேமராவில் ஜிபிஎஸ் இல்லை, படமெடுத்த இடம் பதிவாக ஃபோனை ப்ளூடூத்தில் இணைக்கவேண்டும். செங்குத்துச் சந்துகளில் அந்த இடப்புள்ளியும் விலகும் என்பதால் பிரிட்டனின் வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் வரைபடத்தில் சரிபாருங்கள். 2005 முதல் பிரிட்டனைக் கிலோமீட்டர் சதுரமாகப் படமெடுத்துச் சேர்க்கும் ஜியோகிராஃப் இணையதளத்தில் ஹெப்டன் பிரிட்ஜின் நடுப்பகுதிக்கான சதுர எண் எஸ்டி 9927. படமெடுத்த பொருள் இருக்கும் சதுரம், நீங்கள் நின்ற சதுரம் இரண்டையும் குறியுங்கள். பள்ளத்தாக்கின் குறுக்கே எடுத்தால் இரண்டும் வேறாகிவிடும்.

பொதுத்தெருவில் நின்று கட்டடங்களைப் படமெடுத்து வெளியிட பிரிட்டனின் 1988 பதிப்புரிமைச் சட்டத்தின் 62ஆம் பிரிவு இடம் தருகிறது. சுவரோவியங்கள் அதில் சேராது. அவற்றை மட்டும் தனிப்படமாக எடுத்து வெளியிடுவதற்கு முன் வரைந்தவரிடம் கேட்டுவிடுங்கள்.