முற்றத்துச் சிவப்புத் தளமும் இரண்டு சீலர்களும்: மூன்று மழைக்காலத்துக்குப் பிறகு

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு முன்முற்றம் ரெட் ஆக்சைடு கலந்து போட்ட கான்கிரீட் தளம். கால் வழுக்காமலிருக்க மேலே துடைப்பக்கோடு இழுத்திருக்கும். வருஷம் ஓட ஓட ஓரமெல்லாம் வெள்ளை பூத்து, நடுவில் சாம்பல் படிந்து, வேப்பமரத்தடியில் கறுத்துவிட்டது. வந்து பார்த்த கொத்தனார், "கலர் செத்துப்போச்சு அண்ணாச்சி, மேல பெயிண்ட் அடிச்சுருவோம்" என்றார். அடிக்கவில்லை. 2022 மாசியில் கழுவி, சீலர் (தளத்துக்குள் தண்ணீர் இறங்காமல் தடுக்கும் பூச்சு) பூசினோம்.

ரெட் ஆக்சைடு என்பது இரும்பு ஆக்சைடு. நம்மூர் வெயிலுக்கெல்லாம் அது வெளுக்காது. நிறத்தை மறைப்பது சுண்ணாம்பு. தளத்துக்குள் இறங்கும் தண்ணீர் சிமெண்டில் இருக்கும் சுண்ணாம்பைக் கரைத்து மேலே கொண்டுவரும். அது காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து கால்சியம் கார்பனேட்டாகப் படியும். தினமும் வாசல் தெளிக்கிற போர் தண்ணியின் உப்பு வேறு. ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். நனைந்த இடத்தில் சிவப்பு பளிச்சென்று தெரிந்து, காய்ந்ததும் மறைந்தால் நிறம் உள்ளேதான் இருக்கிறது. பெயிண்ட் செலவு வேண்டாம்.

முதலில் கறுப்பு. அது பாசி. பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றி, ஊறவிட்டு, தேங்காய் நார் பிரஷ்ஷால் தேய்த்ததில் போய்விட்டது. நன்றாக அலசிவிட்டு, வெள்ளையை எடுக்கிற ஆசிட் வேலையை மறுநாளைக்கு வைத்துக்கொண்டோம். இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூச்சு முட்டிவிடும். கக்கூஸ் கழுவுகிறவர்கள்கூட இதைச் செய்கிறார்கள், பார்த்தாலே பதறுகிறது.

ஆசிட்டை ரொம்ப நீர்த்துத்தான் பயன்படுத்த வேண்டும். இருபது பங்கு தண்ணீரில் ஒரு பங்கு ஆசிட். தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், மாற்றி ஊற்றக்கூடாது. தளத்தை முதலில் நனைத்துவிட்டு, கண்ணில் படாத மூலையில் சோதித்துப் பார்த்தோம். ஊற்றியதும் சுர்ரென்று நுரைத்தது. பிரஷ் போகப்போக சாம்பல் நிறப் பால் போல ஓடி, துடைப்பக்கோடுகளுக்கு நடுவே சிவப்பு வரிவரியாக எழுந்து வந்தது. காயவிடாமல் அலசி, ஆப்பச்சோடா கரைத்த தண்ணீரையும் கடைசியில் ஊற்றினோம். "ஸ்ட்ராங்கா ஊத்துங்க, சீக்கிரம் போகும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வெள்ளையோடு சிமெண்டையும் அரித்து, மணலும் ஜல்லியும் வெளியே தெரிய ஆரம்பித்துவிடும். அந்தத் திட்டுக்கு மருந்து கிடையாது.

சீலர் இரண்டு விதம் வாங்கினோம். பைக் நிற்கிற போர்டிகோவுக்கு அக்ரிலிக்: மேலே படலமாக நிற்பது, மினுங்குவது. திறந்த முற்றத்துக்கு சிலேன்-சிலாக்சேன் வகை: உள்ளே ஊறி, தண்ணீரை மட்டும் தள்ளிவிடுவது. விலை கூடுதல்தான். பூசுவதற்கு முன் ஒரு பாலிதீன் துண்டை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு இரவு விட்டோம். அடியில் முத்துமுத்தாக வியர்த்திருந்தால் தளத்தில் ஈரம் மிச்சம், இன்னும் காயவேண்டும். பூசியது வெயில் தாழ்ந்த பிறகு. சூடான தளத்தில் அக்ரிலிக் கொப்பளித்துவிடும்.

முதல் வருஷம் போர்டிகோதான் ஜெயித்தது. வந்தவர்கள் எல்லோரும் அதைத்தான் விசாரித்தார்கள். அம்மாவுக்கு மட்டும் பிடிக்கவில்லை: "கோலப்பொடி நிக்கவே மாட்டேங்கு, காத்தடிச்சா புள்ளி ஓடுது." நனைந்தால் வழுக்கவும் செய்தது. வெயிலில் ஓட்டி வந்து நிறுத்திய பைக்கின் டயர் தடம் கருப்பாக ஒட்டிக்கொண்டது. 2023 டிசம்பர் 17, 18 மழை உங்களுக்கும் நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது அப்போதுதான். எங்கள் வாசலிலும் தண்ணீர் தேங்கியது. அது வடிந்த பிறகு அக்ரிலிக்குக்கு அடியில் ஈரம் மாட்டிக்கொண்டு, பால் தெளித்த மாதிரி வெளுத்தது. ஓரங்களில் உரியவும் தொடங்கியது.

முற்றம் பூசிய அன்றைக்கும் மினுங்கவில்லை. காசைக் கொடுத்து ஒன்றுமே செய்யாதது போலத்தான் இருந்தது. ஆனால் அந்த மழைக்கு வந்த சேற்றை ஓஸ் பிடித்து அடித்ததும் கறை இல்லாமல் போயிற்று. வெள்ளையும் மறுபடி பூக்கவில்லை, உள்ளிருக்கும் ஈரம் ஆவியாக வெளியேற வழி இருப்பதால். கோலமும் நிற்கிறது. மூன்றாம் வருஷம் குழாயடியில் மட்டும் தண்ணீர் உருளாமல் ஊற ஆரம்பித்தது. 2025 தை முடிந்ததும் முற்றம் முழுக்க இன்னொரு கோட் போட்டோம். இந்தத் தடவை ஆசிட் தேவைப்படவில்லை.

போர்டிகோ அக்ரிலிக்கை சைலீன் என்கிற கரைப்பான் போட்டு இளக்கிச் சுரண்டி எடுத்தாயிற்று. நாற்றம் தாங்காது, பக்கத்தில் அடுப்போ பீடியோ ஆகாது. அங்கேயும் இப்போது சிலேன் வகைதான். கடையில் வெறுமனே "சீலர்" என்று கேட்டால் மினுங்குகிற அக்ரிலிக்கைத்தான் எடுத்து வைப்பார்கள். டப்பாவில் சிலேன், சிலாக்சேன் என்று போட்டிருக்கிறதா பார்த்து வாங்குங்கள்.