ஆங்கிலத்தை வளைப்பதா, விட்டு விலகுவதா: அச்செபேயும் கூகியும்

ஆப்பிரிக்க நாவல் ஐரோப்பாவுக்கு எந்த மொழியில் பதில் சொல்வது? 1962இல் உகாண்டாவின் கம்பாலாவில், மக்கரேரே கல்லூரியில் நடந்த ஆப்பிரிக்க எழுத்தாளர் மாநாட்டில் கிளம்பிய விவாதம் இது. அங்கே கூடியிருந்தவர்களில் இருவர் பின்னாளில் எதிரெதிர்ப் பாதைகளில் போனார்கள்.

நைஜீரியாவின் சினுவா அச்செபே ஆங்கிலத்தைக் கைவிடவில்லை. அதைத் தன் தாய்மொழியான இக்போவின் நடைக்கு வளைத்தார். 1958இல் வந்த 'திங்ஸ் ஃபால் அபார்ட்' நாவலில் மனிதர்கள் பழமொழிகளால்தான் பேசிக்கொள்கிறார்கள். அதன் கடைசிப் பத்தி இன்றும் என்னை உலுக்குகிறது. நாயகன் ஒக்கொன்குவோவின் முழு வாழ்க்கையையும் படித்து முடித்திருக்கிறோம்; வெள்ளை அதிகாரியோ தான் எழுதப்போகும் புத்தகத்தில் அவனுக்கு ஒரு பத்தி போதும் என்று கணக்குப் போடுகிறான். அந்த அதிகாரியின் மொழியிலேயே எழுதப்பட்டதால்தான் அந்த அடி அவ்வளவு ஆழமாக இறங்குகிறது.

கென்யாவின் கூகி வா தியாங்கோவும் ஆங்கிலத்தில்தான் தொடங்கினார். 1977இல் கமிரீது கிராமத்துத் தொழிலாளர்களும் விவசாயிகளும் நடிக்க, தன் தாய்மொழியான கிக்கூயுவில் அவர் இணைந்து எழுதிய நாடகம் எல்லாவற்றையும் மாற்றியது. அரசு அதைத் தடைசெய்து, அவரை விசாரணையின்றிச் சிறையில் அடைத்தது. ஆங்கிலத்தில் அதைவிடக் கடுமையாக எழுதியபோது வராத சிறை அது! கழிப்பறைக் காகிதத்தில் அவர் அங்கே கிக்கூயுவில் எழுதிய நாவல், தமிழில் 'சிலுவையில் தொங்கும் சாத்தான்' என்று வந்திருக்கிறது.

கலை நேர்த்தியில் எனக்கு அச்செபேதான் ஒரு படி மேல். ஆனால் ஒக்கொன்குவோவின் கதையை அவன் ஊர்க்காரர்கள் படிக்க ஆங்கிலப் பள்ளிக்கூடம் போயிருக்க வேண்டும். கூகியின் நாவலையோ கென்யாவின் மதுக்கடைகளில் ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் கூடி நின்று கேட்டார்கள்.