எச்சில் கார்டிசால் கிட்: இராமேசுவரம், பாம்பன் பக்கம் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

வீட்டிலேயே எச்சில் எடுத்து லேபுக்கு அனுப்பினால் மன அழுத்தம் எவ்வளவு என்று எண்ணில் சொல்லிவிடும் என்று இந்த கிட்டை விற்கிறார்கள். உள்ளே மூடி போட்ட டியூப்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பஞ்சுத் திரி, நேரம் எழுத லேபிள். பொருளில் குறை இல்லை. நான்கு வேளை எடுக்கச் சொல்லிக் கூடவே வரும் நேர அட்டவணைதான் நம் கரைக்கு ஒத்துவரவில்லை.

கார்டிசால் என்பது அழுத்தம் வரும்போது உடல் கூடுதலாகச் சுரக்கும் ஹார்மோன். அது நாள் முழுக்க ஒரே அளவில் இருக்காது. கண் விழித்த 30 முதல் 45 நிமிடத்துக்குள் உச்சிக்கு ஏறும். பிறகு படிப்படியாக இறங்கி நள்ளிரவை ஒட்டி அடிமட்டத்துக்கு வரும். எனவே மணி எத்தனை என்பதைவிட, எழுந்து எவ்வளவு நேரமாச்சு என்பதுதான் கணக்கு. இரவெல்லாம் வலை இழுத்துவிட்டு விடிகாலையில் கரை ஏறுகிறவருக்குக் காலை 6 மணி வேலை முடிகிற நேரம். அவர் தூங்கி எழுந்த நேரத்தை லேபிளில் எழுதாவிட்டால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் தூக்கம் ஒழுங்குக்கு வரும், ஆனால் கையில் காசு ஓடாத கவலையும் அப்போதுதான். அந்த அளவைத் தொழில் நாள் அளவோடு ஒப்பிடாதீர்கள்.

எடுக்கும் முறை: எழுந்ததும் பல் துலக்காமல், டீ குடிக்காமல் முதல் டியூப். பஞ்சைக் கையால் தொடாமல் டியூபைச் சாய்த்து நேரே வாய்க்குள் விட்டு, 1 முதல் 2 நிமிடம் மெல்ல மென்று, ஊறியதும் திரும்ப டியூபுக்குள்ளேயே விட்டு மூட வேண்டும். மற்ற வேளைகளில் சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். 10 நிமிடம் முன்பே வாய் கொப்பளித்துவிடுங்கள். பஞ்சு இளஞ்சிவப்பாக வந்தால் தூக்கிப் போடுங்கள். அது ஈறில் கசிந்த ரத்தம். எச்சிலைவிட ரத்தத்தில் கார்டிசால் பல மடங்கு. வெற்றிலை போடுகிறவர்களுக்கு அந்தச் சிவப்பில் ரத்தமே தெரியாது. புகையிலையும் அளவைக் கூட்டும். தொண்டைக் கரகரப்புக்கு அடக்கிக்கொள்ளும் அதிமதுரத்தைப் பலர் யோசிப்பதே இல்லை: எச்சில் சுரப்பியில் கார்டிசாலைக் கார்டிசோன் என்ற வீரியமில்லாத வடிவமாக மாற்றும் நொதியை அது தடுத்துவிடும், அளவு பொய்யாக ஏறும். ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலர், தோல் களிம்பு பயன்படுத்துகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

நம் வெயிலில் டியூபை வெளியே வைத்தால் கிருமி பெருகிக் கெடும். எடுத்த உடனே ஃப்ரீசரில் வையுங்கள், மீன் ஐஸ் பெட்டியில் வேண்டாம். உருகிய தண்ணீர் லேபிளை அழித்துவிடும். ஐஸ் பாக்கெட்டோடு திங்கள் அல்லது செவ்வாய் கூரியரில் போடுங்கள். வெள்ளிக்கிழமை போட்டால் ஞாயிறு முழுக்க எங்கோ கிடங்கில் கிடக்கும்.

சிறுவயதுப் பாதிப்பையும் இது காட்டும் என்ற விளம்பரத்தை நம்பாதீர்கள். அந்தப் பேச்சுக்கு வேர் எலி ஆய்வுகளில் இருக்கிறது. மாண்ட்ரியல் மெக்கில் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மீனி குழு 2004இல் காட்டியது இது: தாய் அதிகம் நக்கி வளர்த்த குட்டிகளின் மூளையில் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியில் அழுத்த ஹார்மோனை உணரும் ஏற்பிகள் கூடுதல், ‘போதும்’ என்று அந்தச் சுரப்பை நிறுத்தும் பிரேக் அவைதான். குறைவாக நக்கும் தாயின் குட்டியை அதிகம் நக்கும் தாயிடம் வளர்த்தால் அந்தக் குட்டிக்கும் ஏற்பிகள் கூடின. அவர்கள் பார்த்தது மூளைத் திசுவை. பஞ்சில் ஊறிய எச்சிலில் அது தெரியாது.

நீண்ட நாள் அழுத்தத்தில் சிலருக்கு அளவு கூடும், சிலருக்குக் காலை ஏற்றமே மழுங்கிவிடும். கணவர் இலங்கைச் சிறையிலிருந்து எப்போது வருவார் என்று தங்கச்சிமடத்தில் காத்திருக்கும் பெண்ணுக்கு ‘நார்மல்’ என்று ரிப்போர்ட் வந்தால், அவள் வேதனை பொய் என்று வீட்டில் யாரும் சொல்லிவிடக் கூடாது. அந்தக் காசை மிச்சம் பிடித்து 14416ஐ அழையுங்கள். அது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், கட்டணம் கிடையாது, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.

கார்டிசால் மிகையாகச் சுரக்கும் குஷிங் நோய் இருக்குமோ என்று மருத்துவர் சந்தேகப்பட்டால் மட்டும் எச்சில் சோதனை காசுக்குத் தகும். அப்போதும் நான்கு வேளை வேண்டாம். இரண்டு வெவ்வேறு இரவுகளில் தூங்கப் போகும் நேரத்தில் ஒவ்வொரு டியூப் போதும். இரவுத் தொழிலுக்குப் போகிறவருக்கு அதுவும் சரிவராது. டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்து மறுநாள் காலை ரத்தம் எடுக்கும் சோதனையை மருத்துவரிடம் கேளுங்கள்.