பாலக்காட்டில் விழுங்கும் திறன் பரிசோதனை: நாங்கள் பெற்ற சேவை

பக்கவாதம் வந்தவருக்கு ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்கும் முன்பே விழுங்கும் திறனைச் சோதிக்க வேண்டும். என் அத்தையை முதலில் சேர்த்திருந்த மருத்துவமனையில் அதைச் செய்யவில்லை. இருமல் இல்லை என்பதை மட்டும் பார்த்துக் கஞ்சி கொடுக்கச் சொன்னார்கள். நிமோனியா வந்த பிறகே பாலக்காட்டில் உள்ள இந்த விழுங்கும் திறன் பரிசோதனைப் பிரிவுக்கு அனுப்பினார்கள். எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து மக்களுக்குப் பயன்படட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

இங்குள்ள ஸ்பீச் தெரபிஸ்ட் (பேச்சு, விழுங்கல் சிகிச்சையாளர்) எடுத்த எடுப்பில் தண்ணீரைக் கையில் கொடுக்கவில்லை. அத்தை விழிப்போடு நிமிர்ந்து உட்கார்கிறாரா, உதடு மூடுகிறதா, சொன்னால் இருமுகிறாரா என்று பார்த்தார். பின்னர்தான் சிறு கரண்டியில் தண்ணீர் கொடுத்து, ஒவ்வொரு வாய்க்கும் பிறகு "அம்மா, ஆ சொல்லுங்க" என்று கேட்டு, குரலில் நீர் தேங்கிய கரகரப்பு வருகிறதா என்று காது கொடுத்தார். மூன்றாவது கரண்டியில் அது வந்ததும் நிறுத்திவிட்டார். 90 மில்லி தண்ணீரை இடைவிடாமல் குடிக்கச் சொல்லும் சோதனைக்கு அவர் போகவே இல்லை. அந்த நிதானம்தான் இவர்கள் மேல் எனக்கு நம்பிக்கை தந்தது.

அடுத்து மூக்கு வழியே மெல்லிய கேமராவைச் செலுத்திப் பார்த்தார்கள். வீட்டிலிருந்து கொண்டுபோன கஞ்சியையே கொடுத்தார்கள். விழுங்கி முடித்த பிறகும் தொண்டையின் வலப்பக்கக் குழியில் வெள்ளையாக அது தங்கியிருந்து, அடுத்த மூச்சில் மூச்சுக்குழாய்க்குள் நழுவியதைத் திரையில் கண்டோம். அத்தை இருமவே இல்லை; இருமலை மட்டும் பார்த்தால் இது தெரியாது என்பது அப்போதுதான் புரிந்தது. பலவீனமான வலப்பக்கம் முகத்தைத் திருப்பி விழுங்கச் சொன்னபோது தேக்கம் வெகுவாகக் குறைந்தது.

கஞ்சியைப் பற்றி அவர்கள் விளக்கியதை வயதானவர்கள் உள்ள எல்லா வீடுகளும் அறிந்திருக்க வேண்டும். பருக்கையும் நீரும் வாயில் தனித்தனியே பிரிவதால் பருக்கையை மெல்லும்போதே நீர் முந்திக்கொண்டு தொண்டைக்குள் இறங்கிவிடுகிறது. மசித்துக் கெட்டியாக்கினாலும், எச்சில் பட்ட கரண்டியைத் திரும்பத் திரும்பக் கிண்ணத்தில் விட்டால் கஞ்சி நீர்த்துப்போகிறது. பானங்களின் கெட்டித்தன்மையை வீட்டிலேயே அளக்கவும் கற்றுத்தந்தார்கள்: 10 மில்லி சிரிஞ்சின் முனையை விரலால் மூடி நிரப்பி, 10 விநாடி விரலை எடுத்தால், 4 முதல் 8 மில்லி வரை உள்ளே மிஞ்ச வேண்டும், அத்தைக்கு ஏற்ற பதம் அதுவே. இதற்கு எந்த சிரிஞ்சும் ஆகாது என்று குறிப்பிட்ட அளவுள்ள ஒன்றையே கையில் தந்தார்கள்.

குறைகளும் உண்டு. விழுங்கும் அந்தக் கணத்தில் கேமராவுக்கு எதுவும் தெரியாது. அதைக் காட்டும் பேரியம் எக்ஸ்ரே வீடியோ (பேரியம் கலந்த உணவை விழுங்கும்போதே எடுக்கும் எக்ஸ்ரே படம்) இங்கே இல்லாததால் தேவைப்படுவோர் வேறிடம் செல்ல வேண்டும். அறிவுரைத் தாள் மலையாளத்தில் மட்டுமே இருக்கிறது. எங்கள் பகுதியில் சமைத்து ஊட்டுகிற பெண்களில் பலர் மலையாளம் பேசினாலும் தமிழ்தான் படிப்பார்கள். அந்தத் தாளைத் தமிழில் எழுதித் தர நானே முன்வந்திருக்கிறேன்; பிரிவின் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.