வீட் மேட்: களை போனது, நூல் போகவில்லை

ஒட்டன்சத்திரம் பக்கம் புதிதாக நிலம் வாங்கியிருக்கும் நண்பன் போனில் கேட்டான்: "மாப்ளே, ஒரு தடவை காசு போட்டா அப்புறம் புல்லே வரக்கூடாது. அந்த மாதிரி என்ன இருக்கு? நீ கறுப்பு விரிப்பு போட்டிருக்கியே, அது எப்படி?"

கேட்ட நேரம் சரியில்லை. புல் வெட்டும் மெஷினான பிரஷ் கட்டரை ரிப்பேர் கடையிலிருந்து அன்றைக்குத்தான் எடுத்து வந்திருந்தேன். கியர் பெட்டியில் சீல் கிழிந்து, கிரீஸ் முழுக்க வெளியே வந்து, பேரிங்கையும் சேர்த்து மாற்ற வேண்டியதாகிவிட்டது. எல்லாம் அந்தக் கறுப்பு விரிப்பு செய்த வேலை. அதனால் கீழே எழுதியிருப்பதில் கொஞ்சம் எரிச்சல் கலந்திருக்கும், கழித்துக்கொண்டு படியுங்கள்.

அந்தக் கறுப்பு விரிப்புக்குப் பெயர்தான் வீட் மேட்: களை முளைக்காமல் வெளிச்சத்தை மறைத்துத் தரையை மூடுவது. எத்தனை அகலத்தில் வருகிறது என்பதெல்லாம் தேடினாலே கிடைக்கும். நான் போட்டது 100 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 100 கிராம் எடை), பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் பட்டைகளால் நெய்த துணி. எலுமிச்சை வரிசைகளில் போட்டேன், வீட்டைச் சுற்றிப் போட்டேன், மோட்டார் ரூமுக்குப் போகும் பாதையின் ஓரத்திலும் போட்டேன். தக்காளிக்கும் தர்பூசணிக்கும் போடுகிற மைக்ரான் கணக்கில் விற்கும் மெல்லிய பிளாஸ்டிக் மல்ச்சிங் ஷீட்டோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது ஓரிரு பட்டத்துக்கு மேல் தாங்காது. இது வெயிலில் கிடந்து இத்தனை வருடத்துக்குப் பிறகும் நடுப்பகுதியில் கிழிசல் இல்லை.

இதற்கு முன்னால் எல்லோரையும் போல கிளைபோசேட் என்ற களைக்கொல்லி மருந்துதான். கிளைபோசேட்டின் குணம் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: இலையில் பட்டு வேர் வரைக்கும் இறங்கும், ஆனால் மண்ணில் விழுந்ததும் மண் துகளோடு ஒட்டிக்கொண்டு வேலை செய்யாமல் போய்விடும். ஆக, இன்றைக்கு நிற்கிற புல் சாகும், நாளைக்கு முளைக்கப்போகிற விதைக்கு ஒன்றும் ஆகாது. கலங்கல் தண்ணீரில் கலக்கினால் டேங்கிலேயே வீரியம் போய்விடும். எங்கள் போர் தண்ணீரில் கொதிக்க வைத்த பாத்திரம் வெள்ளை பூத்துவிடும் அளவுக்குச் சுண்ணாம்பு. அதிலும் மருந்து பாதிதான் கேட்கும்.

மழைக்கு மழை அடித்ததில் அறுகு குறைந்தது உண்மைதான். அந்த இடத்தைக் கானாவாழை பிடித்துக்கொண்டது. கானாவாழைக்குக் கிளைபோசேட் சரியாக ஏறாது. உலகம் முழுக்க இந்தக் கதை நடந்திருக்கிறது: ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் அதைத் தாங்குகிற களைதான் மிஞ்சும். 2015-ல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை கிளைபோசேட்டை 'மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்பு அதிகம்' என்ற வகையில் வைத்தது. பல நாடுகளின் ஒழுங்குமுறை அமைப்புகள் அதை ஏற்கவில்லை. 2022 அக்டோபரில் மத்திய அரசு, பூச்சிக்கட்டுப்பாட்டு உரிமம் உள்ளவர்கள் மூலமாக மட்டுமே அடிக்கலாம் என்று ஆணை போட்டது. எங்கள் ஊர்க் கடையில் அப்படி ஓர் ஆணை இருப்பதாக யாரும் பேசி நான் கேட்டதில்லை. பாராகுவாட் என்ற இன்னொரு களைக்கொல்லியின் பக்கம் தலைவைத்தே படுக்காதே என்று நண்பனிடம் சொல்லிவிட்டேன். மேலே கருகுமே தவிர வேர் அப்படியே இருக்கும். தவறி உள்ளே போனால் முறிவு மருந்தே கிடையாது.

அப்புறம் யூடியூப் வைத்தியம், கோமியத்தில் கல்லுப்பு கரைத்து அடிப்பது. புல் கருகும். ஆனால் உப்பு எங்கே போகும்? சொட்டுநீர் பாயும் தோட்டத்தில், மழை குறைந்த ஊரில், ஏற்கெனவே உப்புத் தண்ணீர் பாயும் மண்ணில், மேலும் உப்பைக் கொட்டச் சொல்கிறவர்கள் சொந்த மரத்தின் வேரில் ஊற்றிக் காட்டட்டும்.

சரி, விரிப்புக்கு வருகிறேன். அது செய்வதாகச் சொன்ன வேலையைச் செய்தது. முதலில் அதை ஒப்புக்கொள்ள வேண்டும். பார்த்தீனியம் போட்ட இடத்தில் அடியோடு நின்றது. வெளிச்சம் இல்லாமல் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. அதைவிடப் பெரிய விஷயம் கோரை. கோரையைப் பற்றித் தெரியாதவர்கள் விவசாயத்துக்குப் புதியவர்கள் என்று அர்த்தம். கிழங்கு கிழங்காக மண்ணுக்கடியில் சங்கிலி போட்டு நிற்கும். கொத்தினால் சங்கிலி அறுந்து ஒவ்வொரு கிழங்கும் தனித்தனியாக முளைக்கும். மருந்து அடித்தால் இலையோடு தொடர்புள்ள கிழங்கு சாகும், தூங்கிக்கொண்டிருக்கிற கிழங்கு அடுத்த மழைக்கு எழுந்திரிக்கும். பிளாஸ்டிக் தாளை ஊசி மாதிரி குத்திக்கொண்டு மேலே வரும். கோடை உழவு போட்டுக் கிழங்கை வெயிலில் காயவைப்பதுதான் பெரியவர்கள் வழி. அது நல்ல வழியும்கூட. ஆனால் எலுமிச்சை நிற்கிற வரிசையில் கலப்பை விட்டால் மேல்வேர் முழுக்க அறுந்துவிடும்.

விரிப்பைத் தூக்கிப் பார்த்தால் அடியில் கோரை வெள்ளை வெளேரென்று நீண்டு, மடங்கி, வெளிச்சம் தேடிப் படுத்துக் கிடக்கும். கிழங்கில் இருக்கிற சரக்கைச் செலவழித்துவிட்டு வரவு இல்லாமல் தவிக்கும். நெசவு இடுக்கில் முனை சிக்கியவை சில மேலே வந்தன, இல்லையென்று சொல்லவில்லை. அவற்றை அவ்வப்போது பிடுங்கினோம். ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் எண்ணிக்கை குறைந்தது. இப்போது வரிசையின் நடுவில் கோரையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். எந்த மருந்தும் எனக்கு இதைச் செய்து கொடுக்கவில்லை.

எதிர்பார்க்காத இன்னொரு லாபம் ஈரம். சித்திரை வெயிலிலும் விரிப்புக்கு அடியில் மண் கையில் ஒட்டுகிறது. சொட்டுநீர் விடும் நேரத்தைக் குறைத்துவிட்டேன், மரம் வாடவில்லை. மோட்டார் ஓடும் நேரத்தை வைத்துத்தான் இங்கே எல்லோரும் கோடையைக் கணக்குப் போடுகிறார்கள் என்பதால் இது சின்ன விஷயம் இல்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு நூலைப் பற்றிப் பேசலாம்.

இந்தத் துணி ஒட்டியது இல்லை, நெய்தது. பாவும் ஊடுமாகப் போகும் தட்டையான பிளாஸ்டிக் பட்டைகள்தான் மொத்தமும். வெட்டினால் வெட்டின ஓரத்தில் பட்டை பிரியும். இது எல்லோருக்கும் தெரியும், அதனால்தான் காய்ச்சிய கத்தியால் வெட்டி ஓரத்தை உருக்கி மூட வேண்டும் என்பார்கள். அப்படித்தான் வெட்டினோம். ஆனால் விரிப்பைத் தரையோடு பிடித்துவைக்க யு-பின் அடித்த ஒவ்வொரு இடமும் ஓர் ஓட்டை. எலுமிச்சை நடத் துளைத்த வட்டம் இன்னோர் ஓட்டை. டிராக்டர் டயர் திரும்பும் மூலையில் உருக்கிய ஓரம் முதல் வருடமே நொறுங்கியது. அங்கிருந்தெல்லாம் நூல் பிரிந்தது. பிரிந்த நூல் காற்றில் பறந்து எங்கே வேண்டுமானாலும் போய் விழும். வேலிக் கம்பியில் தொங்குகிறது, வரப்புப் புல்லில் பின்னிக் கிடக்கிறது, டிரிப் ஃபில்டருக்குள் ஒரு தடவை இருந்தது. கோழி ஒன்றின் விரலில் சுற்றி இறுகி, கவனிப்பதற்குள் விரல் கறுத்துப்போனது. கறுப்பு நூல் ஈர மண்ணில் கண்ணுக்கும் தெரியாது.

விரிப்பு போடாத வரப்பில் பிரஷ் கட்டர் ஓட்டும்போது அந்த நூல்தான் புல்லோடு சேர்ந்து பிளேடுக்கு மேலே தண்டில் சுற்றியது. சுற்றுகிற சத்தமே கேட்கவில்லை. சுற்றிச் சூடேறி, உருகி, சீலுக்குள் போய்விட்டது. மெக்கானிக் கத்தி வைத்துச் சுரண்டி எடுத்த கறுப்புக் கட்டியைக் காட்டி, "இது என்ன சார், சாக்கு நூலா?" என்றார். புல் சுற்றினால் அறுந்து விழும். இது அறுவதில்லை, மக்குவதும் இல்லை. களையை ஒழிக்க ஒன்றை வாங்கி, பிடுங்கினாலும் மருந்து அடித்தாலும் சாகாத ஒரு களையைத் தோட்டம் முழுக்க நானே விதைத்த மாதிரி ஆகிவிட்டது.

விற்றவரிடம் கேட்டேன். பத்து வருடம் கவலையே வேண்டாம் என்று சொல்லித்தான் கொடுத்தார். "துணிக்குத்தான் சார் உத்தரவாதம், ஓரத்துக்கு இல்லை" என்றார். ஓரம் இல்லாத துணியை எங்கே வாங்குவது என்று கேட்டேன், பதில் இல்லை.

ஆடிக் காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கம் ஆடியில் மேற்கிலிருந்து வருகிற காற்று பின்னைப் பிடுங்கி விரிப்பைப் புரட்டிவிடும். புரட்டாவிட்டால் செம்மண் தூசியைக் கொண்டுவந்து மேலே படிய வைக்கும். அதன்மேல் சருகு. ஐப்பசி மழை விழுந்ததும் விரிப்பின் மேலேயே புல் முளைக்கும். அந்தப் புல்லின் வேர் நெசவுக்குள் இறங்கிவிட்டால் பிடுங்கும்போது துணியும் சேர்ந்து வரும், அதிலும் நூல். வருடத்துக்கு ஓரிரு தடவை கூட்டிப் பெருக்க வேண்டும் என்று ரோல் வாங்கும்போது யாரும் சொல்வதில்லை. தொழுஉரம் வைக்கவும் ஒவ்வொரு முறை பின்னைக் கழற்றி மடக்கித் திரும்ப அடிக்க வேண்டும். எங்கள் தோட்டத்தில் வேலைக்கு வரும் அக்கா இந்த ஒரு வேலைக்கு மட்டும் கூலி கூடக் கேட்கிறார், கேட்பது நியாயம். கரைசல் உரமாக டிரிப்பில் விட்டுச் சமாளிக்கிறேன், ஆனால் மக்கிய சாணி எருவுக்கு அது ஈடாகாது. பூரானும் தேளும் ஓரத்தில் குடியிருக்கும். மடக்கும்போது கையை உள்ளே விடாமல் கம்பியால் தூக்குவது நல்லது.

நண்பனின் நிலத்தில் வேலியோரம் முழுக்கச் சீமைக் கருவேலம். அதற்கு விரிப்பு, மருந்து எதையும் யோசிக்கவே வேண்டாம் என்று சொன்னேன். அமெரிக்கக் கண்டத்து மரம், 1877 வாக்கில் இந்தியாவுக்குக் கொண்டுவந்து நட்டார்கள். இன்னும் நம்மால் அதைத் திருப்பி அனுப்ப முடியவில்லை. தரைமட்டத்தில் வெட்டினால் தூரிலிருந்து கிளைத்து முன்னைவிட அடர்த்தியாக வரும். மழை பெய்து மண் இளகியிருக்கும்போது பொக்லைன் வைத்து வேர்முண்டோடு பெயர்த்து எடுப்பதுதான் வழி. ஆடு தின்ற காயிலிருந்து புழுக்கை வழியாக விதை திரும்ப வரும் என்பதால் அடுத்த சில வருடம் நாற்றாக இருக்கும்போதே பிடுங்கிக்கொண்டிருக்க வேண்டும்.

சரி, முடிவு. கோரையை அடக்கியது, பார்த்தீனியத்தை நிறுத்தியது, தண்ணீரை மிச்சப்படுத்தியது, துணி நடுவில் இன்னும் கிழியவில்லை. இத்தனைக்கும் பிறகு என் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டு. மரங்களுக்கு நடுவில் போடாதீர்கள். போட்டே ஆக வேண்டுமென்றால் ஓரத்தை அரை அடி ஆழத்துக்கு வாய்க்கால் பறித்து மண்ணில் புதையுங்கள். அதன் பக்கத்தில் பிரஷ் கட்டரைக் கொண்டுபோகாமல் அரிவாளால் அறுங்கள். மோட்டார் ரூம் ஓரத்திலும் வீட்டைச் சுற்றியும் போட்டதை நான் எடுக்கப் போவதில்லை. அங்கே உழவும் இல்லை, எருவும் இல்லை, ராத்திரி டார்ச் அடித்தால் தரை தெரிகிறது. எலுமிச்சை வரிசையில் இருப்பதை வரும் கோடையில் சுருட்டிவிட்டு, மட்டையையும் சருகையும் கனமாகப் பரப்பப் போகிறேன். கோரை இனி கொஞ்சம்தான், கையால் பார்த்துக்கொள்ளலாம்.

நண்பனிடம் கடைசியாகச் சொன்னது: வீட்டைச் சுற்றி மட்டும் போதுமென்றால் என்னிடம் பிரிக்காத ரோல் ஒன்று கிடக்கிறது, வந்து எடுத்துக்கொண்டு போ. பின் மட்டும் நீ வாங்கிக்கொள், கடைக்காரர் சொல்லும் எண்ணிக்கையில் இரண்டு மடங்கு வாங்கு.