ஒயில் லைட் எரிந்தால்: சுவிட்சா, தடித்த ஒயிலா, கேஜா?

டாஷ்போர்டில் அந்தச் சிவப்பு ஒயில் விளக்கு எரிகிறது என்று திருகோணமலையில் யாரிடம் சொன்னாலும் மூன்று யோசனைகளில் ஒன்று வரும். ஒயில் அமுக்கம் குறைந்தால் அந்த விளக்கை எரியவைக்கும் சுவிட்சை மாற்று, தடித்த ஒயில் ஊற்று, இல்லாவிட்டால் கேஜ் போட்டு அமுக்கத்தை அளந்து பார். என் டொயோட்டா கொரோலா 121 காரில் விளக்கு மினுங்கத் தொடங்கியபோது நான் மூன்றாவதைத்தான் செய்தேன். இப்போதும் அதன் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

ஓடிக்கொண்டிருக்கும்போது விளக்கு நிலையாக எரிந்தால் இந்த ஒப்பீடெல்லாம் அப்புறம். ஓரம்கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். ஒயில் கீழே இறங்கச் சில நிமிடம் விட்டு, மட்டம் காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். குறைந்திருந்தால் ஊற்றுங்கள். ஊற்றி ஸ்டார்ட் செய்த சில நொடிகளில் விளக்கு அணையவில்லையா, வண்டியை ஓட்டாமல், லொறியில் ஏற்றிக்கொண்டுதான் போக வேண்டும். கந்தளாய்க்கும் தம்பலகாமத்துக்கும் இடையில் நின்றுவிட்டால் 'இன்னும் கொஞ்சத் தூரம்தானே' என்று மனம் சொல்லும். எஞ்சினுக்குள் சுழலும் தண்டைத் தாங்கும் பெயரிங் போவது அந்தக் கொஞ்சத் தூரத்தில்தான்.

இங்கே நான் பேசுவது வேறு வகை. ஒயில் மட்டம் சரி. காலையில் ஸ்டார்ட் செய்தால் விளக்கு இல்லை. நன்றாகச் சூடேறிய பிறகு, உட்துறைமுக வீதி நெரிசலில் நிற்கும்போது மினுங்கும், மிதித்தால் அணையும். கச்சான் என்ற சூடான காற்று வீசும் மாதங்களில் இந்தப் புகார் கூடுதலாகக் காதில் விழும். சூட்டில் ஒயில் இளகும், ஐடிலில், அதாவது மிதிக்காமல் நிற்கும்போது, ஒயில் பம்ப் மெதுவாகச் சுற்றும், ஏற்கெனவே குறைவாக உள்ள அமுக்கம் அங்கேதான் வெளியே தெரியும்.

சுவிட்ச் மாற்றுவதுதான் மலிவு. விலையும் குறைவு, வேலையும் சின்னது. கடற்கரை ஊர் என்பதால் கனெக்டரில் பச்சை படிவதும் இங்கே புதிதல்ல. அதனால் பழி முதலில் சுவிட்சின் மேல் விழுவது நியாயம்தான். ஒரு சின்னச் சோதனை உண்டு. எஞ்சினை நிறுத்திச் சாவியை மட்டும் ஆனில் வைத்து, சுவிட்சின் வயரைக் கழற்றுங்கள். விளக்கு அணையாமல் எரிந்தால் வயர் எங்கோ வண்டியின் உலோக பொடியில் (உடலில்) உரசி எர்த் ஆகிறது, சுவிட்ச் வாங்கத் தேவையில்லை. அணைந்தால் ஒன்று சுவிட்ச் பழுது, அல்லது சுவிட்ச் சொல்வது உண்மை. எது என்று சுவிட்சைக் கேட்டால் அது சொல்லாது. ஆன், ஆஃப் இரண்டைத் தவிர அதற்கு வேறு பாஷை கிடையாது. ஸ்கேனர் போட்டுப் பார்த்தாலும் இந்த மாதிரி வண்டிகளில் ஒயில் அமுக்கம் எண்ணாக வராது.

அடுத்தது தடித்த ஒயில். "தம்பி, 20டபிள்யூ50 ஊத்துங்கோ, லைட் வராது" என்பார்கள். வராது என்பது பெரும்பாலும் உண்மை. ஒயிலுக்கும் இந்த ஊரில் குறைச்சல் இல்லை, எரிபொருள் கம்பனியான லங்கா ஐஓசியின் லூப்ரிகன்ட் கலவை ஆலையே இங்கேதான் இருக்கிறது. ஆனால் அமுக்கம் என்பது ஒயில் ஓடும் வழியில் உள்ள தடையால் வருவது. ஒயிலைத் தடிப்பாக்கினால் தடை கூடும், விளக்கு அணையும், தேய்ந்த பெயரிங் தேய்ந்தபடியே இருக்கும். 121இல் உள்ள 1என்இசட் எஞ்சினுக்கு விவிடி, அதாவது வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் அமைப்பு, உண்டு. அதையும், டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் வேலை செய்ய வைப்பது இதே ஒயில்தான். மெல்லிய ஒயிலுக்கென்று செய்த எஞ்சினில் காலை ஸ்டார்ட்டின்போது தடித்த ஒயில் மேலே போய்ச் சேரத் தாமதமாகும். ஓடி ஓய்ந்த பழைய எஞ்சின், எப்படியும் கழற்றத்தான் போகிறோம் என்றால் சில மாதம் ஓட்ட இது உதவும். அந்த அளவுக்கு ஒத்துக்கொள்கிறேன்.

இப்போது கேஜ். சுவிட்சைக் கழற்றிய துளையில்தான் இதுவும் ஏறும். அதனால் சுவிட்ச் மாற்றும் வேலையோடு கொஞ்ச நேரம் சேர்த்தால் போதும். அமுக்கம் சரியென்று தெரிந்தால் அதே இடத்தில் புதிய சுவிட்சைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். கராஜில் கேஜ் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள். எல்லோரிடமும் இருக்காது. சொந்தமாக வாங்குவதானால் அடாப்டரைக் கவனியுங்கள். டொயோட்டாவில் வருவது 1/8 அங்குலப் பிரிட்டிஷ் திருகு. அமெரிக்க அளவு அடாப்டரும் பார்வைக்கு அப்படியே இருக்கும், ஆனால் அங்குலத்துக்கு 28 மரைக்குப் பதில் 27. பலவந்தமாகத் திருகினால் மரை போய்விடும்.

அளப்பது எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு. குளிர்ந்த எஞ்சினில் எல்லாமே நல்லதாகத்தான் காட்டும். 1என்இசட்டுக்கு டொயோட்டா சொல்லும் கணக்கு, ஐடிலில் குறைந்தது 29 கிலோ பாஸ்கல், அதாவது சுமார் 4 பி.எஸ்.ஐ. 3000 ஆர்.பி.எம்மில் 150 முதல் 550 வரை. ஐடில் கணக்கு இவ்வளவு சிறியதா என்று பலர் நம்ப மாட்டார்கள். அந்தச் சிறிய எண்ணுக்கும் கீழே போனால்தான் விளக்கு எரிகிறது என்றால், விளக்கு எவ்வளவு பிந்திச் சொல்கிறது என்று யோசியுங்கள்.

என் வண்டியில் இரண்டு இடத்திலும் அளவு குறைவாகவே நின்றது. சுவிட்சில் பிழையில்லை. எஞ்சினின் அடியில் ஒயில் தேங்கும் தட்டான கீழ்ச் சம்ப்பைக் கழற்றினால், ஒயில் உறிஞ்சும் ஸ்ட்ரெயினர் வலையில் கறுப்புச் சேறும், முன்பு யாரோ சம்ப் ஒட்டியபோது பிதுங்கிய சிலிக்கன் துண்டுகளும் அடைத்திருந்தன. கழுவி, பொருத்தி, கம்பனி சொன்ன தடிப்பில் புதிய ஒயிலும் ஃபில்டரும் போட்ட பிறகு அளவு கணக்குக்குள் வந்தது. தடித்த ஒயில் ஊற்றியிருந்தால் அந்த அடைத்த வலை வழியாக அது இன்னும் சிரமப்பட்டுத்தான் ஏறியிருக்கும்.

நான் கேஜ் பக்கம் நிற்பதற்குப் பெரிய காரணம் செலவு அல்ல, எஞ்சின் இலக்கம். குறை வலையிலோ பம்பிலோ இருக்கும்போது பிடித்தால் எஞ்சின் அதே எஞ்சின். கிராங்க் ஷாப்ட் என்ற பிரதான தண்டைத் தாங்கும் ஷெல் பெயரிங் அளவில் பிடித்தாலும் அப்படித்தான். பிந்திப் பிடித்தால் கிராங்க் ஷாப்ட் கீறுப்படும், அதற்கும் பிந்தினால் இறுகிவிடும். அப்போது எல்லோரும் சொல்வது ஜப்பான் ரீகண்டிஷன் எஞ்சின், அதாவது அங்கே ஓடிய பழைய எஞ்சின். எஞ்சின் நல்லதாகவே கிடைக்கட்டும், வண்டியின் பதிவுப் புக்கில் உள்ள இலக்கம் வேறு. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதை மாற்றிப் பதிய வேண்டும், எஞ்சின் வாங்கிய பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். மாற்றாமல் விட்டால், வாங்க வருபவர் பொனட்டைத் திறந்து இலக்கத்தைப் புக்கோடு ஒப்பிடும் இடத்திலேயே பேரம் நின்றுவிடும். லீசிங் மதிப்பீட்டுக்கு வருபவரும் அதைத்தான் முதலில் பார்ப்பார். மாற்றிப் பதிந்தாலும் 'எஞ்சின் ஏன் மாற்றினீர்கள்?' என்ற கேள்வி விலையைக் கொஞ்சம் இறக்கும்.

இங்கே ஒரு பழைய காரின் விலையை ஓடிய மைலேஜை விட இந்த எஞ்சின் இலக்கமே தீர்மானிக்கிறது என்பேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குக் கதவு திறந்தது. அந்த இடைவெளியில் இருபது வயது வண்டிகளையும் நாம் தங்கமாகப் பார்க்கப் பழகிவிட்டோம். புதியவை வந்தாலும் விலை எட்டாததால் 121க்கும் டொயோட்டா விட்ஸுக்கும் இன்னும் ஆள் இருக்கிறது. வாங்குபவரும் விவரமானவர். கழற்றாத எஞ்சின், புக்கில் உள்ள இலக்கம் என்றால் மறுபேச்சில்லாமல் ஒரு படி மேலே கேட்கலாம்.

ஷெல் பெயரிங் மாற்றும் வேலை எவ்வளவு காலம் தாங்கும் என்று என்னால் சொல்ல முடியாது, என் வண்டியில் அது தேவைப்படவில்லை. டீசல் வான்களுக்கு மேலே சொன்ன எண்கள் பொருந்தாது, அந்த எஞ்சினின் மனுவலில் உள்ளதைத்தான் எடுக்க வேண்டும். ஹைபிரிட் எனக்குப் பழக்கமில்லை. அதில் எஞ்சின் அடிக்கடி நின்று எழும்புவதால், ஐடிலில் அளக்கும் முறையைத் தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோவதே நல்லது.